அட்லஸ்: ஒரு சொல்லின் சுமை

'அட்லஸ்' என்ற சொல்லைக் கேளாத தமிழ் மாணவன் இந்நாட்டில் இரான். நிலப்படங்களைத் தொகுத்துக் கட்டிய புத்தகத்திற்குப் பள்ளிக்கூடத்தில் அது பெயர். மருத்துவம் பயில்வோர்க்கு அது கழுத்திலுள்ள ஓர் எலும்பு. ஆப்பிரிக்காவின் வடமேற்கில் அஃது ஒரு மலைத்தொடர். அட்லாண்டிக் என்னும் மாகடலின் பெயரும் அதன் வழிப் பிறந்ததே. கேமரன் மலைக் காட்டிலிருந்து இரவில் விளக்கொளியை நாடி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் பெருவிட்டில் ஒன்றுக்கும் அறிவியலார் இட்ட பெயர் அட்லஸ். கியா பார்ம் முதலான மலையூர்களில் வளர்ந்தோர் அதன் பெயரை அறியாவிடினும் அதனைக் கண்டிருப்பர்.

இத்தனை பொருளுக்கும் மூலமானவன் ஒருவன். வானத்தைச் சுமந்து நிற்பவன் என்று கிரேக்கப் புராணம் கூறும் அட்லஸே அவன். கிரேக்கருடைய பழங்கதை நமக்கெதற்கு என்று சிலர் வினவலாம். கதை அயலாருடையதாயினும் சுமை நமக்கு அயலானதன்று. முதுகில் கொழுந்துக் கூடையும், தோளிற் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியும் சுமந்தோரின் வழிவந்தோர் நாம். ஆதலின் சுமப்பவனைக் குறித்த கதை எந்நாட்டதாயினும் அதனை எடைபோடும் உரிமை நமக்கு உண்டு. இக்கதையைச் சொன்னவன் சுமந்தவனா, சுமக்க வைத்தவனா? இச்சொல்லின் பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்குங்கால் இக்கேள்வியை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

புலவர் நால்வர் கூறியது

முதலில் மூலக் கதையைக் காண்போம். அது ஒரு கதையன்று, நான்கு கதை.

ஹோமர் பாடிய ஒடிசியின் தொடக்கத்தில் அட்லஸ் பெயரளவில் வந்து போகிறான். அவன் கலிப்ஸோ என்னும் தீவுநங்கையின் தந்தை. கடலின் ஆழமெல்லாம் அறிந்தவன். மண்ணையும் விண்ணையும் பிரித்து நிறுத்தும் நெடுந்தூண்களை உடையவன். கேடு நினைப்பவன் என்னும் பொருள்பட ஓர் அடைமொழியும் அவனுக்கு உண்டு. ஆயினும் தூண்களைத் தாங்குவது அவன் பெற்ற தண்டனை என்று ஹோமர் கூறவில்லை. சுமை அங்கே ஒரு பதவி போலவே தோன்றுகிறது.

தேவர்களின் பிறப்பு வரிசையைப் பாடிய ஹெசியோடிடம் நிலைமை மாறுகிறது. மண்ணின் கடைக்கோடியில் நின்று தலையாலும் ஓயாத கைகளாலும் அட்லஸ் வானத்தைத் தாங்குகிறான். விரும்பித் தாங்கவில்லை, கொடிய கட்டாயத்தினால் தாங்குகிறான். அப்பங்கை அவனுக்கு அளந்து கொடுத்தவன் ஜீயஸ் என்னும் தேவராஜன். குற்றம் இன்னதென்று அவ்விடத்தில் விளக்கமில்லை. அக்குறையைப் பிற்காலத்து நூலார் நிரப்பினர். தேவருக்கும் அவர்க்கு முன்னிருந்த டைட்டன் குலத்தார்க்கும் நடந்த போரில் தோற்ற படைக்கு அட்லஸ் தலைமை தாங்கினான் என்றும், வென்றவர் அவன் தலைமேல் வானத்தை ஏற்றினர் என்றும் அவர்கள் எழுதினர். தண்டனை முன்னே பாடப்பட்டது. குற்றம் பின்னே தேடிச் சேர்க்கப்பட்டது என்க. ஒரு கூட்டத்தார் தலைமுறை தலைமுறையாக ஏன் சுமக்கின்றனர் என்ற கேள்விக்கு, முற்பிறப்பில் செய்த வினை என்று விடை கட்டிய நம் நாட்டுப் பெரியோரும் இம்முறையையே கையாண்டனர்.

மூன்றாவது கதை அப்பல்லோடோரஸ் பெயரால் வழங்கும் புராணத் தொகுப்பில் உள்ளது. ஹெரக்ளீஸ் என்னும் வீரன் பொன் ஆப்பிள்களைத் தேடி வருகிறான். கனிகளைப் பறித்து வரும் வேலையை அட்லஸ் ஏற்றுக்கொள்ள, அதுவரை வானத்தை ஹெரக்ளீஸ் சுமக்கிறான். கனிகளோடு திரும்பிய அட்லஸ், மீண்டும் சுமக்க உடன்படவில்லை. கனிகளைத் தானே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகக் கூறுகிறான். அப்பொழுது ஹெரக்ளீஸ், 'அப்படியே ஆகட்டும். தலையில் ஒரு சும்மாடு வைத்துக்கொள்ளும் வரை சற்றுப் பிடித்துக்கொள்' என்று வேண்டுகிறான். அட்லஸ் நம்பிப் பிடித்துக்கொள்கிறான். ஹெரக்ளீஸ் கனிகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான்.

இச்சும்மாட்டை நாம் எளிதாக விட்டுவிடலாகாது. விறகுக் கட்டோ, தண்ணீர்க் குடமோ, நெல் மூட்டையோ தலையில் ஏற்றியவர் எவரும் சும்மாட்டின் அருமையை அறிவர். கிரேக்க நாட்டு ஒலிம்பியாவில், கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜீயஸ் கோயிலின் சிற்பத்திலும் ஹெரக்ளீஸின் தோள்மேல் ஒரு மெத்தை செதுக்கப்பட்டுள்ளது. சிறிது நேரம் சுமந்தவனுக்கு மெத்தை உண்டு. ஊழிக்காலமாகச் சுமந்தவனுக்குச் சும்மாடு இருந்ததாக எப்புலவனும் பாடவில்லை. கதையைக் கேட்டோர் ஹெரக்ளீஸின் சூழ்ச்சியை மெச்சினர். அட்லஸின் பேதைமையைக் கண்டு நகைத்தனர். ஆனால் அட்லஸ் ஏமாந்தது பேதைமையினாலா? சுமை தூக்குவோரிடையே ஒருவர் 'கொஞ்சம் பிடி' என்றால் மற்றவர் கை தானே நீளும். அந்த நல்ல பழக்கத்தையே ஹெரக்ளீஸ் கண்ணியாக விரித்தான்.

நான்காவது கதை ரோமப் புலவர் ஓவிட் பாடியது. பெர்சியூஸ் என்னும் வீரன் இரவு தங்க இடம் கேட்கிறான். தன் பொற்கனிகளை ஜீயஸின் மகன் ஒருவன் கவர்வான் என்று முன்னரே கேட்டிருந்த அட்லஸ் இடங்கொடுக்க மறுக்கிறான். பெர்சியூஸ் தன்னிடமிருந்த கார்கன் என்னும் அரக்கியின் தலையைக் காட்டுகிறான். அதனைக் கண்ட அட்லஸ் கல்லாகி மலையாகிறான். தாடியும் முடியும் காடாகின்றன, தோள்கள் மலைமுகடாகின்றன, தலை சிகரமாகிறது, எலும்புகள் கல்லாகின்றன.

பகுத்தறிவோடு நோக்குவோர்க்கு இங்கே ஒரு முரண்பாடு புலப்படும். ஹெரக்ளீஸ் பெர்சியூஸின் கொள்ளுப்பேரன். பாட்டன் காலத்திலேயே கல்லாகிப்போன அட்லஸ், பேரன் காலத்தில் எழுந்து கனி பறிக்கப் போனது எங்ஙனம்? பழைய உரைகாரர் இதற்கும் சமாதானம் தேடியிருக்கலாம். நமக்குச் சமாதானம் வேண்டா. புராணம் என்பது பலர் பல காலத்துத் தத்தம் நோக்கத்திற்கேற்பக் கட்டியது என்பதற்கு இதுவே சான்று. நம் புராணங்களிலுள்ள முரண்களைச் சுட்டுவோரைப் பகைவராகக் கருதும் அன்பர்கள், கிரேக்கர் கதையிலும் இது கண்டு மனம் தேறுவார்களாக!

நம் இடும்பன்

நால்வர் கதையிலும் மாறாதது ஒன்று உண்டு. அட்லஸ் சுமையை இறக்கிய ஒரே கதையில் அவன் ஏமாற்றப்படுகிறான். இது கிரேக்கர்க்கு மட்டும் உரியதா?

பழனித் தலத்தின் கதையில் வரும் இடும்பனை நம்மவர் யாவரும் அறிவர். சிவகிரி, சத்திகிரி என்னும் இரு குன்றுகளையும் தெற்கே கொண்டுவருமாறு அகத்தியர் அவனை ஏவினார். குன்றுகளை ஒரு தண்டின் இரு முனையிலும் கட்டித் தோளில் ஏற்றி வந்தான். வழியில் களைத்து இறக்கி வைத்தான். மீண்டும் தூக்க முயன்றபோது குன்று அசையவில்லை. அதன்மேல் கோவணம் உடுத்த சிறுவன் ஒருவன் நின்று, குன்று தன்னுடையதென்றான். சண்டை மூண்டது. இடும்பன் மடிந்தான். பின்னர் உயிர் பெற்று, அம்மலைக்குக் காவலனாக நிற்கும் பேறு பெற்றான். பழனி மலைப்படியில் அவனுக்குச் சந்நிதி உண்டு. காவடி எடுக்கும் வழக்கத்திற்கு அவனையே முதல்வனாகச் சொல்வர். 'கா' என்பது தோளிற் சுமக்கும் தண்டு. 'காவுதல்' என்பது சுமத்தல். தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பிறவிடங்களிலும் நம் மக்கள் தோளில் ஏற்றுவது அத்தண்டின் நினைவையே.

இடும்பன் செய்த குற்றம் என்ன? களைத்தான், இறக்கினான். இறக்கியவுடன் சுமந்த பொருள் மற்றொருவருடையதாயிற்று. அவன் உயிரும் போயிற்று. திரும்பப் பெற்றது வாயிற்காவல் உத்தியோகம். கிரேக்கப் புலவரும் தமிழ்ப் பௌராணிகரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே நீதியை ஓதியிருக்கின்றனர்: சுமப்பவன் இறக்கலாகாது. பக்தியோடு காவடி எடுப்போரின் மனத்தை நோகச்செய்வது நம் கருத்தன்று. ஆண்டுதோறும் அவன் பெயரால் சுமப்போர், அவன் ஏன் களைத்தான் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

புத்தகமும் வரைபடமும்

இனி, அட்லஸ் என்ற சொல் பெற்ற பிற பொருள்களைக் காண்போம். மலையும் கடலும் வெளிப்படை. கடைச்சரக்குகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. சோனிப்பட்டில் 1951-இல் தொடங்கிய மிதிவண்டித் தொழிற்சாலை இப்பெயரைச் சூடிற்று. இலங்கையில் மாணவர் எழுதும் குறிப்பேட்டுக்கும் பென்சிலுக்கும் இப்பெயர் உண்டு. ஜான் கிளென்னை 1962-இல் விண்வெளிக்கு ஏற்றிச் சென்ற அமெரிக்க ராக்கெட்டும் அட்லஸே. வலிமை என்ற ஒன்றையே இவை கதையிலிருந்து எடுத்துக்கொண்டன. பட்டுத்துணி வகை ஒன்றையும் அரபியர் அட்லஸ் என்பர். அது மழமழப்பைக் குறிக்கும் அரபுச் சொல். ஒலி ஒன்றாயினும் வேர் வேறு. ஓசையை மட்டும் கொண்டு உறவு கட்டும் சொல்லாராய்ச்சிக்காரர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

புத்தகப் பொருளில் நாம் சற்றுத் தங்குதல் வேண்டும். இப்பெயரை நிலப்படத் தொகுதிக்கு நிலைநிறுத்தியவர் மெர்கேட்டர். அவர் 1594-இல் மறைந்தார்; அவருடைய நூல் 'அட்லஸ்' என்ற பெயரோடு மறு ஆண்டு, 1595-இல், வெளிவந்தது. அவர் கருத்திலிருந்தவன் தண்டனை பெற்ற டைட்டன் அல்லன். மொரித்தானியா நாட்டு அரசனும், வானநூல் வல்லவனும், விண்கோளத்தை முதலிற் சமைத்தவனுமாகப் பழங்கதை கூறும் வேறோர் அட்லஸையே அவர் முன்னிறுத்தினார். அறிவாளியின் பெயராக அவர் இட்டதை உலகம் சுமையாளியின் பெயராகவே நினைவு கொண்டது. மேலும் ஒரு பிழையும் நேர்ந்தது. நேப்பிள்ஸ் நகரக் காட்சிச்சாலையில் உள்ள பழைய சலவைக்கற் சிலையில் அட்லஸ் தாங்குவது விண்மீன் கூட்டங்கள் பொறித்த வானக்கோளம். புத்தக அட்டைகளில் அதுவே நாளடைவில் பூமியுருண்டையாக மாறிற்று. பூமியைச் சுமப்பவன் எங்கே கால் ஊன்றுவான் என்று கேட்டவர் சிலரே. ஆதிசேடன் பூமியைத் தாங்குகிறான் என்போரிடமும் இக்கேள்வியையே நாம் கேட்கிறோம். பூமிக்குச் சுமப்போர் வேண்டா. அஃது ஈர்ப்பு விதிப்படி ஞாயிற்றைச் சுற்றி வருகிறது. பூமியின் மேலுள்ள சாலைக்கும் தோட்டத்திற்கும் சந்தைக்குமே சுமப்போர் வேண்டும்.

நிலப்படத்தில் பெயர் ஏறுவது எவ்வாறு என்பதற்குக் கேமரன் மலையே நல்ல சான்று. வில்லியம் கேமரன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1885-இல் அளவைப் பணிக்காக இம்மலைகளில் ஏறினார். தாம் கண்ட மேட்டுநிலத்தை அவர் வியந்து எழுதினார். அதன் இடத்தை நிலப்படத்தில் திட்டமாகக் குறிக்கவில்லை என்பர். ஆயினும் மலை அவர் பெயரையே பெற்றது. அவருக்கு எத்தனையோ தலைமுறை முன்னரே அக்காட்டில் வாழ்ந்த செமாய், தெமியார் மக்கள் எந்த அட்லஸிலும் மலைக்குப் பெயராகவில்லை. ஜார்ஜ் மாக்ஸ்வெல் 1925-இல் வந்து பார்த்தபின் குடியேற்றத் திட்டம் பிறந்தது. ரஸ்ஸல் என்பவர் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை 1931-இல் திறக்கப்பட்டது. காடழித்தவர், கல்லுடைத்தவர், நாற்று நட்டவர் பெயர்களை அச்சாலையின் எந்த வளைவும் தாங்கி நிற்கவில்லை. நிலப்படப் புத்தகம் அட்லஸின் பெயரைத் தாங்குகிறது; அட்லஸ்களின் பெயரைத் தாங்குவதில்லை.

சிற்பமும் எலும்பும் விட்டிலும்

கட்டடக் கலையில் தூணுக்குப் பதிலாக மேற்கட்டைத் தாங்கும் ஆண் உருவங்களை அட்லஸின் பெயராலேயே வழங்குவர். இப்பெயர்ப்பொருள் இந்தியாவிற்கும் நடந்தே வந்தது. காந்தார நாட்டுப் பௌத்த தூபிகளின் அடியில், கிரேக்கர் வழிவந்த சிற்ப முறையில், சிறகோடு குந்தியிருந்து தாங்கும் அட்லஸ் உருவங்கள் கிடைத்துள்ளன. சாஞ்சித் தூபியின் மேற்கு வாயிலிலும் குள்ள உருவங்கள் மேல் விட்டங்களைத் தாங்குகின்றன. தமிழ்நாட்டுக் கோயில்களின் கூரை விளிம்பின் கீழுள்ள பூதவரியையும் இவ்வினத்தில் சேர்க்கலாம். ஒன்று கவனிக்கத்தக்கது. தாங்குபவனைச் சிற்பி பெரும்பாலும் குள்ளனாகவோ பூதமாகவோ செதுக்குகிறான். மேலே வீற்றிருப்பவனையே அழகனாகச் செதுக்குகிறான். கல்லில் வடித்த இத்தீர்ப்பு ஊரிலும் வழங்கியதன்றோ?

உடற்கூற்று நூலார் கழுத்தெலும்பு ஏழனுள் முதலாவதை அட்லஸ் என்றனர். அது வளையம் போன்றது. மண்டையோட்டை நேரே தாங்குவது. தலையிற் சுமக்கும் எல்லாச் சுமையும் அதன் வழியே உடம்பில் இறங்குகிறது. இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக் கொழுந்தெடுத்த பெண்கள் எத்தனை தலைமுறை இச்சிற்றெலும்பை நம்பி வாழ்ந்தனர்! 'ஆம்' என்று தலையாட்டுவது மண்டையோட்டுக்கும் இவ்வெலும்புக்கும் இடையிலுள்ள மூட்டில் நிகழ்வது. 'இல்லை' என்று தலையைப் பக்கவாட்டில் திருப்புவது இவ்வெலும்பு தனக்கு அடுத்த இரண்டாம் எலும்பின்மேல் சுழலுதலால் நிகழ்வது. அட்லஸ் தனித்து நின்றால் தலையாட்ட மட்டுமே உதவும். மறுக்க வேண்டுமாயின் பக்கத்து எலும்பின் துணை வேண்டும். தொழிலாளர் சங்கத்தின் தேவையை இதனினும் சுருக்கமாக எவரும் விளக்கியதில்லை.

விட்டிலுக்கு இப்பெயரை இட்டவர் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், ஆண்டு 1758. சிறகு விரித்தால் இருபத்து நான்கு சென்டிமீட்டர் அளவும் காணும். சிறகின் நுனி பாம்புத்தலை போல இருப்பதால் பறவைகள் அஞ்சுமென்பர். அதன் உருவத்தைக் கண்டு வியந்த உலகம் அதன் வாழ்க்கையை நோக்கவில்லை. கூட்டை விட்டு வெளிவந்த அட்லஸ் விட்டிலுக்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாயிருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பைக் கொண்டு ஓரிரு வாரம் உயிர் வாழ்ந்து, முட்டையிட்டு மடிகிறது. ஒன்றும் கேளாமல் உழைத்துத் தேய்வோரை 'வாயில்லாப் பூச்சி' என்று நம் தாய்மார் சொல்வர். அச்சொல் இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது. பேருருவமும் வாயின்மையும் ஓருடலில் கூடியிருப்பதால், அட்லஸ் என்ற பெயருக்கு இவ்விட்டிலைப் போலப் பொருத்தமானது வேறில்லை.

தோளைக் குலுக்கியவர் யார்?

நம் காலத்துக்கு அணித்தாக இச்சொல்லுக்குப் புதுப்பொருள் கற்பித்தவர் அமெரிக்க எழுத்தாளர் அய்ன் ராண்ட். 1957-இல் அவர் வெளியிட்ட, ஆயிரம் பக்கங்களைக் கடந்த நாவலின் பெயர், 'அட்லஸ் தோளைக் குலுக்கினான்' என்னும் பொருளது. உலகைத் தாங்குவோர் முதலாளிகளும் புதுப்பொறி கண்டோருமே என்பது அவர் கொள்கை. அரசும் பொதுமக்களும் தம்மீது வாழ்வதாகக் கருதிய அவர்கள், ஒருவர் பின் ஒருவராக மறைந்து ஒரு பள்ளத்தாக்கில் ஒதுங்கிவிடுகின்றனர். உலகம் நிலைகுலைகிறது. இதுவே கதை.

இந்நூலில் ஓர் உண்மை இருப்பதை மறுத்தல் நேர்மையாகாது. சுமப்பவனுக்குச் சுமையை இறக்கும் உரிமை உண்டு என்று புராணிகர் சொல்ல மறுத்ததை இவர் சொன்னார். புதுமை காண்போரின் அறிவு உலகிற்கு இன்றியமையாதது என்பதும் மெய்யே. ஆயின் தோள் யாருடையது என்பதில் அவர் பெரும்பிழை செய்தார். இருப்புப்பாதை நடத்தும் தலைவியின் மனவேதனையைப் பக்கம் பக்கமாக விரித்த ஆசிரியர், தண்டவாளத்தை அடியில் தாங்கும் கட்டைகளை இட்டோர்க்கு அத்தகைய உள்ளத்தைக் கொடுத்தாரில்லை. தோட்டத்துத் துரை ஆறுமாத விடுப்பில் சீமைக்குப் போனபோது தோட்டம் நின்றதுண்டா? கொழுந்தெடுப்போர் ஒரு வாரம் வராவிடின் கொழுந்து முற்றி வீணாகும். நாவலாசிரியர் கற்பனை செய்த சோதனையை நம் மக்கள் வாழ்க்கையிலேயே செய்து பார்த்திருக்கின்றனர்.

1941-இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகியன அவர்தம் கோரிக்கைகள். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. முன்னின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் போயின. அட்லஸ் தோளைக் குலுக்கிய கதை இதுவன்றோ? ராண்டின் முதலாளிகள் ஒதுங்கியபோது அவர்களுக்குப் பள்ளத்தாக்கும் பாதுகாப்பும் காத்திருந்தன. கிள்ளான் தொழிலாளர்க்குக் காத்திருந்தவை துப்பாக்கியும் கப்பலும். ஆயிரம் பக்க நாவலுக்கு உரிய பொருள் இங்கே கிடக்கிறது. நம் எழுத்தாளர் எழுதுவாராக.

பொறை என்னும் தமிழ்ச் சொல்

அட்லஸ் என்ற பெயரின் பிறப்பைக் குறித்துச் சிலர் ஐயுறுவர். எனினும் தாங்குதல் என்னும் பொருளுடைய பழைய வேரோடு அறிஞர் பலர் அதனை இணைப்பர். அவ்வேரிலிருந்தே கிரேக்கத்தில் பொறுத்துக்கொள்ளுதலைக் குறிக்கும் சொல்லும், துணிவைக் குறிக்கும் சொல்லும் பிறந்தன.

இதற்கு நேரான தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு. அதுவே 'பொறை'. சுமை என்பது அதன் ஒரு பொருள். பொறுமை மற்றொன்று. மலையையும் அது குறிக்கும். சேரருள் இரும்பொறை என்ற பெயருடையார் இருந்தமை காண்க. நிலத்தையும் குறிக்கும். கருப்பத்தையும் குறிக்கும், மகவு ஈன்றலைப் 'பொறையுயிர்த்தல்' என்றனர் முன்னோர். சுமந்தவன், மலை, உலகப்படம் என்று கிரேக்கச் சொல் பல நூற்றாண்டு அலைந்து சேர்த்த பொருள்களைத் தமிழ்ச் சொல் தன் வீட்டிலிருந்தே சேர்த்திருக்கிறது. கிரேக்கச் சொல்லில் இல்லாத தாயையும் அது சேர்த்திருக்கிறது.

ஆனால் இச்சொல்லில் ஓர் ஆபத்தும் உண்டு. சுமைக்கும் பொறுமைக்கும் ஒரே பெயரிருப்பதால், சுமப்பவனிடம் 'பொறுமையாயிரு' என்று உபதேசிப்பது எளிதாகிவிட்டது. வள்ளுவர் பொறையுடைமை என்று ஓர் அதிகாரம் வகுத்து, தன்னை வெட்டுவோரையும் சுமக்கும் மண்ணை உவமை காட்டினார். இதனை எடுத்துக்காட்டி, அடங்கிக் கிடப்பதே அறமெனப் பேசியோர் பலர். அவர்கள் வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்தையும் படித்திருத்தல் வேண்டும். சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனை அடக்குபவனே அடக்குபவன் என்பது அங்கே அவர் கருத்து. பொறை என்பது வலியவன் எளியவனிடம் காட்ட வேண்டிய பண்பு. வேறு வழியற்றவன் பொறுப்பதைப் பொறை என்று புகழ்வது அவனை இருமுறை சுமக்க வைப்பதாகும். அதே வள்ளுவர் உழுவோரை உலகத் தேருக்கு அச்சாணி என்றார். அவன் சுமப்பது தண்டனையால் என்று அவர் சொல்லவில்லை. தலைமேல் வானத்தை ஏற்றிய ஜீயஸின் உள்ளத்திற்கும் வள்ளுவர் உள்ளத்திற்கும் உள்ள தூரம் இதுவே.

'பொறு' என்ற அடியிலிருந்து பொறுமை மட்டும் பிறக்கவில்லை. 'பொறுப்பு' என்பதும் பிறந்தது. நூறாண்டாகத் தோட்டத்தில் இவ்விரண்டையும் பங்கிட்டனர்: பொறுமை தொழிலாளிக்கு, பொறுப்பும் அதற்குரிய சம்பளமும் மேலுள்ளோர்க்கு. இப்பங்கீட்டை மாற்றுவதே சீர்திருத்தம் என்பது.

சுமைதாங்கி

புலவர் பாடாத ஒன்றைக் கூறி முடிப்போம். தமிழ்நாட்டுப் பழைய சாலையோரங்களில் இரு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் தலையளவு உயரத்தில் ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பர். அதற்குச் சுமைதாங்கி என்று பெயர். தலைச்சுமையோடு வருவோர் பிறர் உதவியின்றி அதன்மேல் சுமையைச் சாய்த்து இளைப்பாறுவர். பின்னர்த் தாமே ஏற்றிக்கொண்டு போவர். கருவுற்ற பெண் பிள்ளை பெறாமலே இறந்துவிட்டால் அவள் நினைவாக இக்கல்லை நாட்டுவது வழக்கம். இறக்க முடியாமற்போன ஒருத்தியின் பொறைக்காக, வழிப்போக்கர் அனைவரும் தத்தம் பொறையை இறக்க இடம் செய்தனர். அட்லஸின் கதையும் இடும்பன் கதையும் சுமையை இறக்குபவனைத் தண்டித்தன. எழுத்தறியாத ஊரார் நாட்டிய இக்கல் அவனை வரவேற்றது. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கும்போது, உயர்ந்த இலக்கியம் எது என்பதில் நமக்கு ஐயமில்லை.

இன்று கியா பார்ம் சரிவுகளில் நிலைமை மாறியிருக்கிறது. நம்மவரின் பிள்ளைகள் பலர் படித்து நகரங்களில் உத்தியோகம் பார்க்கின்றனர். கேமரன் மலையின் தேயிலைச் சரிவிலும் காய்கறிப் பாத்தியிலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் பலர் உழைக்கின்றனர். நம் பாட்டனார் கப்பலேறி வந்தது போலவே அவர்களும் கடன்பட்டுக் கடல் கடந்து வந்தவர்கள். சந்தைக்குப் போகும் நம்மவரிற் சிலர் அவர்களைக் குறித்துப் பேசும் பேச்சைக் கேட்டால் மனம் குன்றுகிறது. ஒருகாலத்தில் துரைமார் நம்மைப் பேசிய அதே பேச்சு! சும்மாடு கட்டுவதாகச் சொல்லிச் சுமையை மற்றொருவன் தலையில் மாற்றிவிட்டு நடந்த ஹெரக்ளீஸின் செயல் இதுவன்றோ?

நிலப்படப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்போர் அதன் பெயருக்குரிய கதையையும் சொல்லிக் கொடுப்பார்களாக. வானத்தைத் தாங்க எவனும் வேண்டா என்ற அறிவையும் சேர்த்துச் சொல்வார்களாக. தாங்குவோர் இன்னும் இருக்கும் இடங்களில் நாம் நாட்ட வேண்டியது சிலையன்று, சுமைதாங்கி. ஒழுங்கான கூலி, ஓய்வு, மருத்துவம், பிள்ளைக்குக் கல்வி, குறை சொல்ல வாய் ஆகிய இவையே அதன் கற்கள். அவற்றை நாட்டும் பொறுப்பு, ஒருகாலத்தில் சுமந்தோரின் மக்களாகிய நம்முடையதே.